அப்பவே தெரியும்

திருப்பூரில் ஒரு வாக்கியம் உண்டு. பனியன் கம்பெனி வாசலில், டீக்கடை பெஞ்சில், கல்யாண மண்டபத்தில் கை கழுவும் இடத்தில், எங்கு வேண்டுமானாலும் அதைக் கேட்கலாம். ‘அவனயா? எனக்கு அப்பவே தெரியுமுங்க. கைமடிச்சுக்கிட்டிருந்தான்.’ டெய்லர் தைக்கும்போது பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுக்கிற பையனுக்குக் கைமடி என்று பெயர். தொழிலின் கடைசிப் படி. எழுபதுகளின் கடைசியில் ஏற்றுமதி தொடங்கிய பிறகு அந்தப் படியிலிருந்து சிலர் மிக உயரத்துக்குப் போனார்கள். பெரும்பாலோர் போகவில்லை. போகாதவர்கள் போனவர்களைப் பற்றிச் சொல்வது இந்த வாக்கியம்.

நான் இருக்கும் நெருப்பெரிச்சலில் இதைச் சற்று அதிகமாகவே கேட்கலாம். மானாவாரிக் காடாக இருந்து, சைட் பிரிக்கப்பட்டு, 2011இல் மாநகராட்சிக்குள் போன ஊர். இன்றைக்குக் காரில் போகிறவனை நேற்று எருமை பிடித்துக்கொண்டு போனவனாகப் பார்த்த ஒரு ஜோடிக் கண் எல்லாத் தெருவிலும் இருக்கும். வெளியூர் நண்பர் ஒருவர் இதை வயிற்றெரிச்சல் என்றார். ஊரின் பெயரும் அவருக்குத் தோதாக அமைந்துவிட்டது. பொறாமை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ‘அப்பவே’யில் இருக்கிற ஏகாரம் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. கைமடித்துக்கொண்டிருந்த பையனை அந்தக் காலத்தில் இவர் உண்மையில் கவனித்திருப்பாரா? பத்துப் பையன்களில் ஒருவன். ஞாபகத்தில் வைத்துக்கொள்ள ஒரு காரணமும் கிடையாது. பின்னால் அவன் பெரிய ஆளானதும் இவருக்கு அவனைத் ‘தெரிய’ ஆரம்பிக்கிறது. தெரிந்ததைப் பழைய தேதி போட்டு எழுதிக்கொள்கிறார். கணக்கில் இதற்கு வேறு பெயர் உண்டு. ஞாபகத்தில் யாரும் தணிக்கை செய்ய வருவதில்லை.

பனியன் முதலாளிகளைப் பற்றி எழுதுவது என் நோக்கம் இல்லை. நம் இலக்கியத்திலும் இதே வாக்கியத்தின் மீது ஒரு வகைமையே எழும்பி நிற்கிறது. நினைவுக் கட்டுரை என்கிறோம். ஒருவன் பிரபலமாகும் முன்பு அவனோடு பழகியவன், அவன் பிரபலமான பிறகு, பெரும்பாலும் அவன் செத்த பிறகு, எழுதுவது. இதில் எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்பது எனக்குப் பல வருஷங்களாக இருந்துவரும் பிரச்னை.

பாரதியை எடுத்துக்கொள்ளலாம். 1921 செப்டம்பரில் அவர் இறந்தபோது சுடுகாட்டுக்குப் போனவர்கள் இருபது பேர்கூட இல்லை என்பார்கள். பிற்பாடு அவரோடு நெருங்கிப் பழகியவர்களின் தொகை ஒவ்வொரு பத்தாண்டிலும் பெருகிக்கொண்டே வந்தது. இறந்தவரோடு பழகியவர்கள் இப்படிப் பெருகுவது மக்கள்தொகை சாஸ்திரத்துக்கே சவால். நான் சொல்வது இந்தக் கூட்டத்தை அல்ல, உண்மையாகவே தெரிந்தவர்களை. எட்டயபுரத்துச் சோமசுந்தரம் பால்ய சிநேகிதர். இருவருக்கும் பாரதிப் பட்டம் ஒன்றாகவே வந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒருவர் நாவலர் ச. சோமசுந்தர பாரதியாகப் புலமை உலகில் நின்றார். இன்னொருவருக்குப் பட்டமே பெயராகிவிட்டது. வ.உ.சி. எழுதியிருக்கிறார். புதுச்சேரியில் 1913இல் பாரதி கையால் பூணூல் பெற்ற ரா. கனகலிங்கம் எழுதியிருக்கிறார். வ.ரா. எழுதியிருக்கிறார்.

வ.ரா.வின் ‘மகாகவி பாரதியார்’ 1944இல் வந்த புத்தகம். தலைப்பிலேயே தீர்ப்பு இருக்கிறது. அதற்கு ஒரு பின்னணி உண்டு. 1935இல் பாரதி மகாகவிதானா என்று கல்கியோடு நடந்த சண்டையில் வ.ரா. ஒரு பக்கம். அந்தச் சண்டையின் விளைவாக வந்த ‘கண்ணன் என் கவி’யை எழுதிய கு.ப.ரா.வும் சிட்டியும் பாரதியோடு பழகியவர்கள் அல்லர், வாசகர்கள். அவர்களுக்குக் கையில் இருந்தது எழுத்து மட்டும். அது அவர்களுக்குப் பலம். (மறுத்துப் பேசிய கல்கிதான் பின்னால் நிதி திரட்டி, 1947இல் எட்டயபுரத்தில் மணிமண்டபம் எழும்பக் காரணமானார். தமிழ்நாட்டில் இப்படித்தான் நடக்கும்.) வ.ரா.வோ நேரில் கண்டவர். ஆனால் வழக்காடிக்கொண்டே ஞாபகப்படுத்துகிறார். அவருடைய பாரதி எந்த அறையில் உட்கார்ந்திருந்தாலும் மகாகவியாகவே உட்கார்ந்திருக்கிறார். அந்தப் புத்தகத்தில் எனக்கு உயிரோடு தெரியும் இடம் ஒன்று உண்டு. முதல் சந்திப்பில் வ.ரா. ஆங்கிலத்தில் பேசி, பாரதியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது. அங்கே வாக்கியங்கள் மாறிவிடுகின்றன. காரணம் எளிது. அந்த அசட்டுத்தனம் வ.ரா.வுக்குச் சொந்தமானது, பாரதியின் புகழால் அதை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியவில்லை.

யதுகிரி அம்மாளின் ‘பாரதி நினைவுகள்’ வேறு ஜாதி. மண்டயம் ஸ்ரீநிவாஸாச்சாரியாரின் மகள். புதுச்சேரியில் பாரதி வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் நடுவே ஓடித் திரிந்த சிறுமி. 1939இல் எழுதியது 1954இல்தான் புத்தகமாயிற்று. இலக்கிய விமர்சனம் என்று அதில் எதுவும் கிடையாது. அடுத்த வீட்டு மாமா புதிதாக ஒரு பாட்டுப் பாடுகிறார், பெண்கள் கேட்கிறார்கள், பிடித்தது பிடிக்காதது சொல்கிறார்கள், வீட்டில் சாமான் இல்லை, செல்லம்மாளுக்குக் கவலை. அந்த மாமாவுக்குத் தான் பாரதி என்று தெரியாது. அதாவது நாம் இன்று உச்சரிக்கிற அர்த்தத்தில் தெரியாது. எழுதும்போது யதுகிரிக்கு அது தெரியும். ஆனால் அந்தச் சிறுமியிடம் அவர் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. இது லேசான காரியம் இல்லை. கெட்டிக்கார எழுத்தாளர்கள் பலர் இதில் தோற்றிருக்கிறார்கள்.

அந்தப் புத்தகத்தையும் புகழ் சும்மா விடவில்லை என்பது வேறு விஷயம். குருவிக்கு அரிசி இறைத்த கதை செல்லம்மாளின் கவலையோடு சேர்ந்து வருகிற ஒன்று. இன்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் குருவி இருக்கிறது, பாரதி இருக்கிறார், கவலையைக் காணோம். குருவி தின்றது அன்றைய உலை அரிசி என்பதுதான் அதில் விஷயமே.

எனக்கு இதையெல்லாம் யோசிக்கத் தூண்டுதலாக இருந்தவர் பாரதியை அறிந்தவர் இல்லை. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர். குமரனைத் தெரியும் என்று சொன்னவர்.

திருப்பூரில் குமரன் என்றால் யார் என்று கேட்கவேண்டியதில்லை. ஸ்டேஷனிலிருந்து இறங்கினால் சாலைக்கே அவர் பெயர். நினைவு மண்டபம் இருக்கிறது. 2004இல் நூற்றாண்டுக்குத் தபால் தலை வந்தது. விவரங்களோ கொஞ்சம்தான். 1904 அக்டோபரில் சென்னிமலையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். வறுமையால் ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றது. தறியில் உட்கார்ந்தார். பத்தொன்பதாம் வயதில் ராமாயம்மாளோடு கல்யாணம். நெசவில் சாப்பாட்டுக்கு வரவில்லை என்று திருப்பூருக்கு வந்து பஞ்சு ஆலையில் எடை போடும் வேலைக்குச் சேர்ந்தார். கதர், தேசபந்து வாலிபர் சங்கம். 1932 ஜனவரி 4ஆம் தேதி காந்தி கைதான பிறகு நாடெங்கும் மறியல். திருப்பூரில் 10ஆம் தேதி தடையை மீறி ஊர்வலம். தலைமை பி.எஸ். சுந்தரம். போலீஸ் அடித்தது. கொடியை விடாமல் விழுந்த குமரன் மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். வயது இருபத்தேழு.

ராமாயம்மாளுக்கு அவரைத் தெரிந்தது எட்டு வருஷத்துக்கு மேல். நாட்டுக்குத் தெரிந்தது ஒரு நாள். அந்த ஒரு நாள்தான் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அன்றைக்கு அதே தெருவில் அடிபட்டு, பிழைத்து, பிறகும் பல காலம் வாழ்ந்தவர்கள் உண்டு. தலைமை தாங்கிய சுந்தரமே பலத்த அடி வாங்கி உயிர் பிழைத்தவர்தான். பிழைத்தவர்களுக்குப் பெயர் அவ்வளவாக நிற்கவில்லை. தடிக்கு இவர்கள் இன்னார் என்ற பேதம் கிடையாது; பின்னால் வந்த ஞாபகத்துக்கு உண்டு.

1981இலோ 82இலோ பெரியவர் எனக்குப் பழக்கமானார். அப்போது அவருக்கு எழுபதை ஒட்டிய வயது. வாலிபத்தில் திருப்பூரில் பஞ்சுக் கிடங்குகளில் மூட்டை தூக்கியவர். நெருப்பெரிச்சலிலிருந்து நடந்தே போய் நடந்தே திரும்புவாராம். வாய் கொடுத்தால் பருத்தியின் தரம், மாட்டின் சுழி, கிணற்றில் தண்ணீர் எத்தனை முழத்தில் இருந்தது என்று மணிக்கணக்கில் துல்லியமாகச் சொல்லுவார். குமரனைத் தெரியும் என்று அவர் சொன்னபோது, சிறுபத்திரிகை படித்துக் கெட்டுப்போயிருந்த எனக்கு, பெரிய புதையல் கிடைத்துவிட்டதாகத் தோன்றியது.

‘எப்பிடி இருப்பாருங்க அய்யா?’

‘எப்பிடின்னா... கையில கொடி. அடி மேல அடி. கீழ வுழுந்தும் கொடிய உடுலீங்க தம்பி.’

‘அன்னைக்கு நீங்க பாத்தீங்களா?’

‘இல்லீங்க. அன்னைக்கு நான் அங்கிட்டே போகல.’

‘அதுக்கு முன்னால பாத்திருக்கீங்க இல்லீங்களா?’

‘முன்னாலதான் நல்லாத் தெரியுமே.’

‘முன்னால கையில என்னங்க இருந்துது?’

பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. பீடியைப் பற்றவைத்தார். ‘கையிலயா? ஒண்ணும் இல்லீங்க’ என்றார்.

மாட்டின் சுழியைப் பற்றிக் கேட்டால் விழி பளிச்சிடுகிற மனிதர். ஐம்பது வருஷத்துக்கு முந்திய கிணற்றின் ஆழம் கைவிரலில் இருக்கிறது. தெரிந்த மனிதனின் முகமோ, குரலோ, நடையோ வரவில்லை. கேட்கக் கேட்க, எல்லோருக்கும் தெரிந்ததையே திருப்பிக் கொடுத்தார். ஒரு தடவை எழுந்து நின்று நடித்தும் காட்டினார். 1973இல் வந்த ‘ராஜபார்ட் ரங்கதுரை’யில் சிவாஜி கணேசன் மேடையில் குமரன் வேஷம் கட்டுவார், பெரியவர் அந்தப் படத்தைத் திருப்பூர் கொட்டகையில் பார்த்திருந்தார். நான் பார்த்தது சிவாஜியை. அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் இதில் சங்கடம். அவர் குமரனோடு பழகியிருந்தார், அதை நான் இன்றும் நம்புகிறேன்; ஆனால் அந்தப் பழக்கம் இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துவிட்டது. காலண்டர் படம், பள்ளிக்கூடத்தில் பேரன் ஒப்பித்த பாடம், ஆகஸ்ட் 15 மைக் பேச்சு, சினிமா. அன்னியனுக்குப் புகழ் ஒன்றைக் கொடுக்கிறது. முன்பே தெரிந்தவனிடமிருந்தோ எடுத்துக்கொள்கிறது. பதிலுக்கு ‘எனக்குத் தெரியும்’ என்று சொல்லிக்கொள்ளும் பாத்யதையை மட்டும் விட்டுவைக்கிறது.

பிறகு ஒரு நாள், நான் கேட்காதபோது, ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டே சொன்னார்.

‘குமரன்கற பேரே அப்ப எனக்குத் தெரியாதுங்க தம்பி. எங்களுக்குக் குமாரசாமி. குமரன் செத்துப் போயிட்டாரு, குமரன் செத்துப் போயிட்டாருன்னு ஊரே பேசுது. ரெண்டு நாளு எனக்கு அது ஆருன்னே தெரியுல. தெரிஞ்சப்பறம் சோறு எறங்குல.’

அவ்வளவுதான். தழையைக் கட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். வரலாற்றாசிரியருக்கு இதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. எனக்கோ அந்த இரண்டு நாளைத் தாண்டிப் போக முடியவில்லை. அந்த இரண்டு நாளும் அவருக்குள் இரண்டு பேர் இருந்தார்கள்: ஊர் பேசுகிற குமரன், தனக்குத் தெரிந்த குமாரசாமி. குமாரசாமி எங்கோ வேலைக்குப் போய்க்கொண்டிருப்பதாகவே இவர் நினைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் இருவரும் ஒருவராகி, ஒருவர் மற்றவரை விழுங்கிவிட்டார். விழுங்கப்பட்ட பெயரின் மிச்சம் ஐம்பது வருஷம் கழித்து, அவரே எதிர்பாராத ஒரு நேரத்தில், தொண்டையிலிருந்து வந்தது.

முன்பே தெரிந்தவர்களுக்கு எப்போதும் வேறொரு பெயர்தான் தெரிந்திருக்கிறது. எட்டயபுரத்துக்கு அவர் சுப்பையா. பெயர் மாறும்போது ஆளும் மாறுகிறான். பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட உரிமை உள்ளவர்கள்கூட மெல்ல மெல்லப் புதுப் பெயருக்கு வந்துவிடுகிறார்கள், சபைக்குப் புரியவேண்டுமே. பழைய பெயரோடு போனது என்ன என்று அவர்களை உட்கார்த்திக் கேட்பவர்கள் அபூர்வம். சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன் அப்படி ஒருவர். கணித மேதை ராமானுஜனை நேரில் அறிந்தவர்களைத் தேடித் தேடி, அவர்களிடமிருந்து கடிதங்களையும் நினைவுகளையும் சேகரித்து 1968இல் வெளியிட்டார். ராமானுஜன் இறந்து அப்போது நாற்பத்தெட்டு வருஷம். ஒரு சர்வகலாசாலை செய்திருக்கவேண்டிய வேலை.

ராமானுஜன் விஷயத்தில் எல்லோரும் சொல்வது 1729. ஹார்டி வந்த டாக்ஸியின் எண். நல்ல கதைதான், மேதையைப் பற்றி மேதை சொன்னது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஜானகி அம்மாள் வயோதிகத்தில் சொன்ன ஒன்று. 1909இல் சிறுமியாக இருக்கையில் கல்யாணம். ராமானுஜன் 1912 மார்ச்சில் மாதம் முப்பது ரூபாய்க்குத் துறைமுகத்தில் குமாஸ்தா. 1914இல் கப்பலேறி, 1919இல் நோயாளியாகத் திரும்பி, 1920 ஏப்ரலில் மறைவு. சேர்ந்து வாழ்ந்த காலத்தைக் கூட்டினால் மூன்று வருஷம் தேறுமா என்பது சந்தேகம். பிறகு திருவல்லிக்கேணியில் பல பத்தாண்டுகள் துணி தைத்துப் பிழைத்தார். 1994இல் காலமானார். எங்கள் ஊரில் தையல் மிஷினில் உட்காரும் எந்தப் பெண்ணுக்கும் அந்த ஜீவனம் புரியும். முதுகு எங்கே வலிக்கும் என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். அவர் சொன்னது: வேளா வேளைக்குச் சாதம், எலுமிச்சை ரசம், மோர் கொடுத்தேன்; வலிக்கிறது என்றபோது காலுக்கும் மார்புக்கும் ஒத்தடம் கொடுத்தேன்; வெந்நீர் வைத்த இரண்டு பாத்திரங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

அந்தப் பாத்திரங்களில் கணிதம் ஒரு துளிகூட இல்லை. அவை ஒரு மேதைக்கு வெந்நீர் வைத்த பாத்திரங்கள் ஆனது பிற்பாடு. ஜானகி அவற்றை வைத்துக்கொண்டிருந்தது அதற்காக என்று எனக்குத் தோன்றவில்லை. எத்தனை வாழ்க்கை வரலாறுகள் வந்தாலும் அவை இருந்த இடத்தில் இருந்தன.

இப்போது நம்மிடம் வருகிறேன். சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் எல்லோரும் எல்லோரையும் பிரபலமாகும் முன்பே அறிவோம். பிரபலமாவது என்பது நமக்கு அநேகமாக நேராததால் இது சுலபமாக இருந்துவந்திருக்கிறது. முந்நூறு பிரதி, அதில் நூறு நண்பர்களுக்கு. நமக்கும் இரண்டு பெயர்கள். பசுவய்யா எழுதுவார், சுந்தர ராமசாமி ஜவுளிக்கடைக் கல்லாவில் இருப்பார். நகுலன் எழுதுவார், டி.கே. துரைசாமி கல்லூரியில் ஆங்கிலப் பாடம் நடத்துவார். ஞானக்கூத்தனைப் பெற்றவர்கள் ரங்கநாதன் என்று கூப்பிட்டார்கள். ஒரு பெயரில் அறிந்தவர்களுக்கு மறு பெயர் தெரியாது; தெரிந்தாலும் லட்சியம் செய்யமாட்டார்கள்.

ஆத்மாநாமின் விஷயம் இந்த வரிசையில் எனக்குத் தனியாக நிற்கிறது. 1951இல் பிறந்த எஸ்.கே. மதுசூதன். சென்னையில் ஆயத்த ஆடைத் தொழில் செய்தார். திருப்பூர்க்காரனுக்கு அது எத்தனை தூக்கமற்ற தொழில் என்று தெரியும்: ஆர்டர், துணி, கூலி, நிலுவை. 1978இல் ‘ழ’ தொடங்கியது. 1981இல் ‘காகிதத்தில் ஒரு கோடு’; உயிரோடு இருந்தபோது வந்த ஒரே தொகுப்பு. 1984இல் மறைந்தார். பிரம்மராஜன் சிரத்தையோடு தொகுத்ததால்தான் 1989இலும் 2002இலும் அவர் முழுமையாக வாசகனுக்குக் கிடைத்தார். இன்று அவர் பெயரில் விருது இருக்கிறது. கவிதை எழுத வரும் இளைஞன் முதலில் கேள்விப்படும் பெயர்களில் ஒன்று அது. முந்நூறு பிரதியின் அளவுகோலில் இது பெரும்புகழ்.

அவரைத் தெரிந்தவர்கள் எழுதிய கட்டுரைகளை வருஷக்கணக்காகப் படித்துவருகிறேன். சில நன்றாக இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் கடைசி நாட்கள் முதல் நாட்களின் மீது நிழலாக விழுந்துகிடக்கின்றன. முதல் சந்திப்பிலேயே அந்தக் கண்களில் என்னவோ இருந்தது என்கிறார்கள். ஓட்டலில் காபி குடித்ததில்கூட ஒரு முன்னறிவிப்பு இருந்ததாம். மறுபடியும் அந்த ஏகாரம்: அப்பவே தெரியும். தெரிந்திருந்தால் என்ன செய்தீர்கள் என்று கேட்கத் தோன்றும். அது குரூரமான கேள்வி, நியாயமானதும் அல்ல. அவர்களுக்கு அப்போது எதுவும் தெரியாது, தெரிந்திருக்கவும் முடியாது. நண்பர் ஒருவரோடு சாயங்காலம் பேசிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ எனக்கு வேண்டும். என்ன வேடிக்கை பேசினார்கள், யாரைத் திட்டினார்கள், யார் காசு கொடுத்தது? முடிவு அதில் தெரியக்கூடாது. அப்போது தெரியவில்லை என்பதால். முடிவை வைத்து ஆரம்பத்தைத் திருத்துவது, செத்தவரிடமிருந்து அவர் சும்மா இருந்த நாட்களையும் பிடுங்கிக்கொள்வது.

அவர் தொழில் செய்த காலத்தில் அவருக்குத் துணி கொடுத்தவர்கள் இருந்திருப்பார்கள். காஜா எடுத்தவர்கள், பட்டன் தைத்தவர்கள், அவரிடமிருந்து சட்டை எடுத்த கடைக்காரர்கள். அவர்கள் கவிதை படித்திருக்கமாட்டார்கள். யாராவது ஒருவர் இன்னும் சென்னையில் எங்காவது இருக்கக்கூடும். எழுபத்தைந்து, எண்பது வயது இருக்கும். தேடிப் போகிறவர் விருதைப் பற்றிச் சொல்லவேண்டாம், புத்தகத்தைக் காட்டவேண்டாம். ஆத்மாநாம் என்ற பெயரை வாயில் எடுக்காமல், எண்பதுக்கு முன்னால் மதுசூதன் என்று ஒருவர் ரெடிமேட் தொழில் செய்தாரே, அவர் பாக்கியைச் சரியாகக் கொடுப்பாரா என்று ஆரம்பிக்கலாம்.